பன்னெண்டாயிரத்துக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்: ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குன பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, ஆறு மாசம் ஓட்டிப் பாத்த பிறகு

அக்கா பொண்ணு இந்த வருஷம் பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருக்கா. நம்ம ஸ்டேட் போர்டுல பதினொன்னாவதுக்கு சி ப்ளஸ் ப்ளஸ், பன்னெண்டாவதுக்கு பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் வருது. ஸ்கூல் லேப்ல வாரத்துக்கு ரெண்டு பீரியட், அதுலயும் ஒரு மெஷினுக்கு மூணு பேர், அப்ப கீபோர்டு யார் கையில இருக்கோ அவங்க கத்துக்குவாங்க மத்த ரெண்டு பேரும் வேடிக்கைதான். மாமா எனக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தா நல்லாருக்கும்னு தயங்கித் தயங்கிதான் கேட்டா. புது லேப்டாப்னா ஓரளவு உருப்படியானதுக்கே முப்பதாயிரத்துக்கு மேல ஆகும், அக்கா வீட்டு நிலைமைல அது இப்ப முடியாது. நான் பாத்துக்குறேன்னு சொல்லிட்டு மே மாசம் 2025-ல, சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நிறைஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புனேன். இப்ப ஆறு மாசம் தாண்டிருச்சு, மெஷின் தினமும் ஓடுது, அதனால இப்ப எழுதுனாதான் சரியா இருக்கும்னு எழுதுறேன். வாங்குன அன்னைக்கே எழுதுற ரிவ்யூவ நானே நம்புறதில்ல.

முதல்ல இந்த மெஷினெல்லாம் எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சிக்கணும். பெரிய கம்பெனிங்க நூறு இருநூறுன்னு லீஸ்ல எடுப்பாங்க, மூணு நாலு வருஷம் ஆனதும் மொத்தமா கழிச்சிடுவாங்க, அத லாட் லாட்டா வியாபாரிங்க எடுத்து துடைச்சு சரி பண்ணி விப்பாங்க. டெல்லோட ஆப்டிபிளெக்ஸ், எச்பியோட எலைட்டெஸ்க், லெனோவாவோட திங்க்சென்டர் இந்த மூணுதான் ரிச்சி ஸ்ட்ரீட் பூரா அடுக்கி வச்சிருப்பாங்க. ஆபீஸ்ல நாள் பூரா ஓடணும்னே செஞ்ச பொட்டிங்க இதெல்லாம், தகடு கனமா இருக்கும், போர்டு நல்லா இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் இல்லாமயே திறக்கலாம். அதனாலதான் பத்து வருஷம் கழிச்சும் வேலை செய்யுது. ஏழாயிரம் ரூபாய்க்கு ஆன்லைன்ல "புத்தம் புது பிசி, ஐ7, கேமிங்"னு கலர் லைட் போட்ட கேபினெட்ல ஒன்னு வரும், அதுக்குள்ள போய் பாத்தா எச்61 போர்டு இருக்கும். எச்61-ங்கிறது 2011-ல வந்த சிப்செட், அதாவது போர்டுல எந்த ப்ராசஸர் ஓடும்னு தீர்மானிக்கிற சிப்பு, இன்டெல் ரெண்டாவது மூணாவது ஜெனரேஷன் ப்ராசஸருக்குத்தான், ரெண்டே ரெண்டு ராம் ஸ்லாட், டிஸ்க் மாட்டுற சாட்டா வேகமும் பழைய 3 ஜிகாபிட்தான். கேபினெட் மட்டும் புதுசு, உள்ள இருக்குறது ஆப்டிபிளெக்ஸ விடப் பழசு. தயவு செஞ்சு அதுல விழுந்துடாதீங்க.

இன்னொன்னு, "ஐ5 இருக்கு சார் ஐ7 இருக்கு சார்"னு கூப்பிடுவாங்க. ஐ5, ஐ7-ங்கிறதெல்லாம் இன்டெல் ப்ராசஸரோட வரிசைப் பேரு, வெறும் ஐ5-னு சொன்னா ஒன்னும் அர்த்தமில்ல, பின்னாடி வர்ற நம்பர்தான் விஷயம். 2010-ல வந்த ஐ5-650-யும் ஐ5தான், அதுல கோர், அதாவது ப்ராசஸருக்குள்ள கணக்குப் போடுற மூளை, ரெண்டே ரெண்டு. 2017-ல வந்த ஐ3-8100-ல நாலு கோர் இருக்கு, பேரு ஐ3. நாலு இலக்க நம்பர்ல முதல் எண்தான் ஜெனரேஷன்: 2400-னா ரெண்டாவது, 4590-னா நாலாவது. கடைசில வர்ற எழுத்தையும் பாக்கணும், ஐ5-4570-ல நாலு கோர், அதே ஐ5-4570டி-ன்னா ரெண்டே கோர், கரண்ட் கம்மியா இழுக்குறதுக்காகச் செஞ்சது. அந்த ஒரு எழுத்துல பாதி கம்ப்யூட்டர் காணாமப் போயிடும். ஸ்டிக்கர நம்பாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல, ஆன் பண்ணி பயாஸ்ல பாருங்க, ஓஎஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ் திரைதான் அது. டெல்லுக்கு எஃப்2.

மெட்ரோல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்குனா நடக்குற தூரம்தான். மவுண்ட் ரோடு சத்தத்துலருந்து சந்துக்குள்ள திரும்புனதுமே உலகமே மாறிடும், தலைக்கு மேல ஒயரு, கால் பக்கம் அட்டைப்பெட்டி, நடுவுல டிவிஎஸ்-ல பத்து மானிட்டர் கட்டிக்கிட்டு ஒருத்தர் ஹாரன் அடிச்சிக்கிட்டே வருவாரு. நான் பத்து மணிக்கெல்லாம் போயிட்டேன், கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி போனாதான் கடைக்காரங்க நின்னு பேசுவாங்க. மூணு கடை ஏறி இறங்குனேன். முதல் கடையில உள்ள திறந்து காட்டுங்கண்ணேன்னு கேட்டேன், "சீல் உடைஞ்சா வாரண்டி போயிடும் சார்"னாங்க. பத்து வருஷப் பொட்டிக்கு நேத்து அவங்களே ஒட்டுன ஸ்டிக்கர்தான் அந்த சீல். ரெண்டாவது கடையில ஆன் பண்ணிக் காட்டுனாங்க, ஆனா பயாஸுக்குள்ள போனா பாஸ்வேர்டு கேக்குது, பழைய கம்பெனி போட்ட பூட்டு. ரீசெட் பண்ணித் தர்றோம் சாயங்காலம் வாங்கன்னாங்க. வேணாம்னு வந்துட்டேன். பயாஸ் பாஸ்வேர்டு இருக்குற மெஷின யாரும் வாங்காதீங்க, நாளைக்கு ஒரு ஓஎஸ் போடணும்னாகூட யுஎஸ்பில பூட் பண்ண விடாமப் போகலாம்.

மூணாவது கடை மாடியில. படியே ஒரு ஆள் ஏறுற அகலம்தான். உள்ள அண்ணன் ஒருத்தர் தரையில உக்காந்து ப்ளோயர் வச்சு தூசி அடிச்சிக்கிட்டிருந்தாரு. என்ன வேலைக்கு, யாருக்கு, என்ன பட்ஜெட்டுன்னு கேட்டாரு. ஸ்கூல் பொண்ணுக்குன்னதும் "அப்ப ஐ7-லாம் வேணாம் தம்பி, காச எஸ்எஸ்டில போடுங்க"ன்னாரு. எஸ்எஸ்டின்னா சுத்துற தட்டே இல்லாத வேகமான டிஸ்க். விக்கிறவரே கம்மி விலை மெஷின எடுத்து முன்னாடி வச்சது எனக்கு அன்னைக்கு மனசுக்கு அவ்ளோ நிறைவா இருந்துச்சு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, சின்ன கேபினெட், ஐ5-4590, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 5,800 ரூபா, ஒரு மாசம் கடை வாரண்டி. நான் கேக்குறதுக்கு முன்னாடியே லாட்ச இழுத்து மூடியக் கழட்டி என் பக்கம் திருப்பி வச்சாரு. "பாத்துக்குங்க, கெபாசிட்டர் எதுவும் உப்பல, போர்ட யாரும் கழட்டுனதில்ல."

அந்த நிமிஷம்தான் நான் இந்தக் கடையிலதான்னு முடிவு பண்ணேன். விலையில ஐநூறு முன்ன பின்ன இருக்கலாம், ஆனா திறந்து காட்டுறவர்கிட்ட மறைக்க ஒன்னும் இல்ல.

நான் வீட்லருந்தே லினக்ஸ் மின்ட், அதாவது விண்டோஸ் மாதிரி ஒரு ஓஎஸ், போட்ட ஒரு பென் டிரைவ் கொண்டு போயிருந்தேன். பழைய மெஷின் வாங்கப் போறவங்க பணத்த மறந்தாலும் இத மறக்கக் கூடாது. எஃப்12 தட்டி பென் டிரைவ்லருந்தே பூட் பண்ணா, மெஷின்ல இருக்குறத எதையும் தொடாம எல்லாத்தையும் சோதிச்சுடலாம்: சவுண்டு, எல்லா யுஎஸ்பி போர்ட்டும், நெட்ஒர்க் போர்ட்டு, ப்ராசஸர் நம்பர், ராம் அளவு. அதுல டிஸ்க்ஸ்னு ஒரு டூல் இருக்கு, அதுக்குள்ள ஸ்மார்ட் டேட்டான்னு போனா ஹார்டு டிஸ்க் தன் ஜாதகத்தையே சொல்லிடும். இந்த டிஸ்க் 31,000 மணி நேரம் ஓடியிருந்துச்சு, அதாவது நிறுத்தாம ஓட்டுனா மூணரை வருஷம். அது கூடப் பரவால்ல, ஆபீஸ் மெஷின் அப்படித்தான் இருக்கும். ஆனா கரன்ட் பெண்டிங் செக்டார்னு ஒரு வரி, அதுல 8-னு காட்டுச்சு. அது சுழியமா இருக்கணும், இல்லன்னா டிஸ்க் சில இடத்தப் படிக்க முடியாம திணறுதுன்னு அர்த்தம். அண்ணன்கிட்ட திரையக் காட்டுனேன். ஒரு வார்த்தை பேசல, டிராயர்லருந்து வேற டிஸ்க் எடுத்து மாட்டுனாரு, அதையும் நானே பாத்து சுழியம்னு உறுதி பண்ணிக்கிட்டேன்.

டெல் மெஷின்ல சர்வீஸ் டேக்னு ஏழு எழுத்துல ஒரு அடையாளம் இருக்கும், அத டெல் சைட்ல போட்டா அந்த மெஷின் எப்ப ஃபேக்டரிய விட்டுக் கிளம்புச்சுன்னு காட்டும். ஃபோன்லயே பாத்தேன், 2015. சரின்னு பில்லு போட்டு, கூடவே ஒரு 19 இன்ச் பழைய மானிட்டர் 1,900-க்கு எடுத்துக்கிட்டேன். பில்லுல சர்வீஸ் டேக் நம்பர எழுதி வாங்குங்க, அப்பதான் நாளைக்கு வாரண்டின்னு போய் நின்னா பேச்சுக்கே இடமிருக்காது.

இனி மெஷினப் பத்தி. 7020-ங்கிறது இன்டெல் நாலாவது ஜெனரேஷன், க்யூ87 சிப்செட். நாலு ராம் ஸ்லாட் இருக்கு, 32 ஜிபி வரைக்கும் போடலாம், இதுக்குக் கீழ இருக்குற 3020-ல ரெண்டு ஸ்லாட்தான், அதனால ஐநூறு ரூபா கூடக் கொடுத்தாலும் 7020 இல்லன்னா 9020 எடுக்குறதுதான் நல்லது. ஐ5-4590-ல நாலு கோர், 3.3 ஜிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டா 3.7 வரைக்கும் போகும். யுஎஸ்பி 3 இருக்கு. பின்னாடி ஒரு விஜிஏ, ரெண்டு டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ கிடையாது. புது மானிட்டரோ டிவியோ மாட்டணும்னா டிஸ்ப்ளேபோர்ட்லருந்து எச்டிஎம்ஐ போற கேபிள்னு கேட்டு வாங்கணும், எச்டிஎம்ஐலருந்து டிஸ்ப்ளேபோர்ட் போற கேபிள் பாக்க அதே மாதிரிதான் இருக்கும் ஆனா வேலை செய்யாது, ஒரு பக்கமாத்தான் போகும். வைஃபையும் ப்ளூடூத்தும் கிடையாது, 450 ரூபாய்க்கு யுஎஸ்பி வைஃபை ஒன்னு குத்திக்கிட்டோம், அது பாட்டுக்கு ஓடுது.

வீட்டுக்குக் கொண்டு வந்து ஹார்டு டிஸ்க்கோட ஆன் பண்ணா, டெஸ்க்டாப் வந்து மவுஸ் நகர்ற நிலைமைக்கு வர்றதுக்கே ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. பிரவுசர் திறக்க இன்னொரு அரை நிமிஷம். அவ முகமே சுருங்கிப் போச்சு, வெளிய சொல்லல. மறுநாளே 256 ஜிபி எஸ்எஸ்டி 1,650-க்கு வாங்கி மாட்டுனேன். நீல கலர் பிளாஸ்டிக் எங்கெங்க இருக்கோ அதெல்லாம் கையால கழட்டுறதுக்குன்னு டெல் குறிச்சு வச்சிருக்கு, அந்த நீலத்த அமுக்கி இழுத்தா டிஸ்க் கூடு கையோட வந்துடும். எஸ்எஸ்டி மாட்டுன பிறகு அதே மெஷின் இருபது செகண்டுல எழுந்திருச்சு. ப்ராசஸர் அதேதான், ராம் அதேதான். பழைய ஹார்டு டிஸ்க் செகண்டுக்கு நூறு எம்பி படிச்சாலே பெருசு, அதுவும் ஒரே சீரா படிக்கிறப்ப, ஆனா ஓஎஸ் கேக்குறது அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு ஆயிரம் சின்ன சின்ன ஃபைல், அதுக்கு அந்த ஊசி ஓடி ஓடியே நேரம் போயிடும். எஸ்எஸ்டில ஓடுறதுக்கு ஊசியே இல்ல. இந்த போர்டுல எம்.2 ஸ்லாட், அதாவது புது மாதிரி எஸ்எஸ்டிய நேரா செருகுற இடம், கிடையாது, அதனால அந்த என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கிட்டுப் போய் முழிக்காதீங்க, 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான். இந்த மெஷின்ல ஒரே ஒரு ரூபா செலவு பண்ண முடியும்னா அந்த ஒரு ரூபா எஸ்எஸ்டிக்குத்தான் போகணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

அடுத்து ராம், இங்கதான் நான் ஒரு வாரம் அலைஞ்சேன். ஆன்லைன்ல 8 ஜிபி டிடிஆர்3 ஒரே ஸ்டிக் 750 ரூபான்னு போட்டிருந்தாங்க, எந்த சைட்டுங்கிறது முக்கியமில்ல, எல்லா இடத்துலயும் இந்தச் சரக்கு இருக்கு. வந்துச்சு, மாட்டுனேன், பவர் பட்டன் அழுத்துனா திரையில ஒன்னுமே இல்ல, பட்டன் மட்டும் மஞ்சளா மினுக் மினுக்குன்னு எரியுது. கழட்டிட்டு பழைய 4 ஜிபியப் போட்டா வெள்ளையா எரிஞ்சு ஓடுது. ஸ்லாட் மாத்திப் பாத்தேன், ரப்பர் வச்சு கான்டாக்ட்டத் தேய்ச்சுப் பாத்தேன், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இதே வேலை. அக்கா வந்து "டேய் சாப்புட்டுப் பாருடா"ன்னு ரெண்டு தடவ கூப்பிட்டுட்டுப் போயிட்டா. கடைசில அந்த ஸ்டிக்கோட லேபிள டார்ச் அடிச்சுப் பாத்தது அக்கா பொண்ணுதான். "மாமா இதுல ஃபார் ஏஎம்டி ஒன்லின்னு போட்டிருக்கே"ன்னா. அரிசி அளவு எழுத்து. இந்த மாதிரி ராம்ல சிப் அடுக்குற முறையே வேற, ஏஎம்டி போர்டு சிலது அதப் படிக்கும், இன்டெல்லோட மெமரி கன்ட்ரோலர் படிக்காது. மலிவா 8 ஜிபி டிடிஆர்3 எங்க பாத்தாலும் முதல்ல தேட வேண்டியது இந்த ஒரு வரியத்தான்.

அதத் திருப்பி அனுப்பிட்டு அதே மாடிக்கடைக்கே போனேன். அண்ணன் ஒரு டப்பாவத் திறந்தாரு, கழட்டுன மெஷின்லருந்து எடுத்த கம்பெனி ராம், ஒரு 4 ஜிபி 400 ரூபா. மூணு எடுத்தேன், அங்கயே ஒரு மெஷின்ல மாட்டிக் காட்டிக் கொடுத்தாரு. ஏற்கனவே இருந்ததோட சேத்து 16 ஜிபி, நாலு ஸ்லாட்டும் நிறைஞ்சிருச்சு. ஒரே பெரிய ஸ்டிக்க விட ரெண்டு ரெண்டா போடுறதுல ஒரு லாபம் இருக்கு: டிடிஆர்3 1600 ஒரு சேனல்ல செகண்டுக்கு 12.8 ஜிபி போகும், ஜோடியா போட்டா 25.6. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல திரைக்கும் இதே ராம்தான் தீனி போடணும், அதனால வீடியோ பாக்குறப்ப வித்தியாசம் தெரியும். டிடிஆர்3எல்-னு போட்டிருந்தாலும் கவலப்படாதீங்க, அது 1.35 வோல்ட், சாதா டிடிஆர்3 1.5, இந்த மெஷின் ரெண்டையும் ஏத்துக்கும். லேப்டாப் ராம் நீளமே பாதிதான் இருக்கும், அது இதுல நுழையாது.

நேர்மையா சொல்லணும்னா 8 ஜிபியே அவ வேலைக்குப் போதும். பிரவுசர்ல பதினஞ்சு டேப் திறந்து வச்சுக்கிட்டு கோடு எழுதுற பழக்கம் இருக்குறதால 16 போட்டேன்.

அப்புறம் சூடு. ஓடிக்கிட்டிருக்கும்போது ஃபேன் திடீர் திடீர்னு மிக்ஸி மாதிரி கத்த ஆரம்பிச்சிரும். டெம்பரேச்சர் பாத்தா வேலை கொடுக்குறப்ப 85 டிகிரி. ப்ராசஸர் சூட்ட இழுக்குற ஹீட்சிங்க்க நாலு ஸ்க்ரூ கழட்டித் தூக்குனேன். அதுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல சூடு கடத்துறதுக்காகத் தடவியிருந்த பேஸ்ட்டு காஞ்ச சுண்ணாம்பு மாதிரி பொரிஞ்சு போயிருந்துச்சு, விரல் நகம் பட்டாலே தூளா உதிருது. அலுமினியத் தகடுகளுக்கு நடுவுல தூசி சும்மா ஒட்டிக்கிட்டு இல்ல, கம்பளி மாதிரி பின்னிக் கிடக்கு, இடுக்கிய விட்டு இழுத்தா ஒரே துண்டா வருது. எத்தன வருஷத்து ஆபீஸ் ஏசி காத்தோ. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால ப்ராசஸர் மேல என்ன எழுதியிருக்குன்னு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் துடைச்சிட்டு, புது பேஸ்ட்ட ஒரு பட்டாணி அளவு நடுவுல வச்சு, ஹீட்சிங்க்க நேரா இறக்கி, ஸ்க்ரூவ எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குனேன். ஒரு மூலைய மட்டும் முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா சாஞ்சுடும். 150 ரூபா பேஸ்ட்டு, அதே வேலை கொடுத்தா இப்ப 64 டிகிரி தாண்டல, ஃபேன் சத்தம் காதுல விழறதே இல்ல. பழைய மெஷின் எது வாங்குனாலும் இந்த ஒரு வேலைய முதல் வாரமே செஞ்சிடுங்க, பழைய பேஸ்ட்டோட ஓட்டி வருஷக்கணக்கா சூடு ஏத்துறது பாவம்.

ரெண்டாவது மாசம் ஒருநாள் காலைல ஆன் பண்ணா டைம் ஆஃப் டே நாட் செட்னு வந்து நின்னுச்சு. பயந்துட்டா. போர்டுல இருக்குற சிஆர்2032 பட்டன் செல் தீந்து போச்சு, அவ்ளோதான். 40 ரூபா. அத அவளையே மாத்தச் சொன்னேன், ப்ளக்கக் கழட்டிட்டு, பவர் பட்டன ஒரு தடவ அழுத்தி மிச்சம் இருக்குற கரண்ட்ட வடிச்சிட்டு, செல்ல மாத்தி, எஃப்2-ல போய் தேதி நேரம் போட்டா. அன்னைலருந்து அந்தப் பொட்டி மேல இருந்த பயம் போயிருச்சு.

ஓஎஸ் விஷயத்துல பல பேரு கேப்பீங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப்பும் வேணும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுது, இது நாலாவது ஜெனரேஷன், குறுக்கு வழில ஏத்துறவங்க இருக்காங்க, ஆனா ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் பயந்துக்கிட்டே இருக்கணும், ஒரு படிக்கிற பொண்ணு தலையில அதக் கட்ட எனக்கு மனசில்ல. கடைகள்ல பொதுவா ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸ ஏத்திக் கொடுப்பாங்க, அத அப்படியே வச்சு ஓட்டாதீங்க, உள்ள வேற என்ன ஏத்தியிருக்குன்னு யாருக்கும் தெரியாது, முழுசா அழிச்சிட்டுப் புதுசா போடுங்க. நாங்க லினக்ஸ் மின்ட் 22 போட்டோம், 2029 வரைக்கும் அப்டேட் வரும், காசு கிடையாது. சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலர், பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் ரெண்டு வரி கமாண்டுல வந்துருச்சு. தமிழ்99 கீபோர்டும் அதுலயே இருக்கு, ஐபஸ்னு கீபோர்டு மாத்துற டூல்ல எம்17என் பேக்கேஜ் போட்டா போதும், இப்ப அவ தமிழ் கட்டுரையெல்லாம் அதுலதான் அடிக்கிறா. ஆனா ஒன்னு, பி.காம் படிக்கிறவங்க, டாலி வேணும்ங்கிறவங்களுக்கு இந்த வழி ஒத்து வராது, டாலிக்கு விண்டோஸ் வேணும். அவங்க கொஞ்சம் பொறுத்து எட்டாவது ஜெனரேஷன் மெஷினாப் பாத்து எடுங்க, ஒரு ஆறேழாயிரம் கூட ஆனாலும் அதுதான் சரி.

யூட்யூப் 1080-ல தடையில்லாம ஓடுது. இதோட எச்டி 4600 கிராபிக்ஸுக்கு யூட்யூப் அனுப்புற விபி9 வகை வீடியோவத் தானே பிரிக்கத் தெரியாது, ப்ராசஸர்தான் அந்த வேலையையும் இழுக்குது, அதனால 4கே-ன்னு ஆசைப்பட வேணாம். அக்கா பையன் கேம் போடுங்க மாமான்னு நிக்கிறான். இந்தச் சின்ன கேபினெட்ல பவர் சப்ளை 255 வாட், கார்டுக்குன்னு தனி பவர் ஒயர் கிடையாது, உயரமும் பாதிதான், அதனால ஸ்லாட்லருந்தே கரண்ட் எடுக்குற லோ ப்ரொஃபைல் கார்டுதான் போட முடியும், ஜிடி 1030 மாதிரி. அதுலயும் ஜிடிடிஆர்5 போட்டதான்னு பாத்து வாங்கணும், அதே பேர்ல டிடிஆர்4 போட்டு ஒன்னு வருது, அது ரொம்பவே மெதுவு. நான் இப்போதைக்கு வாங்கல. பவர் சப்ளையப் பெருசா மாத்திடலாம்னா அதுவும் சுலபமில்ல, போர்டுல இருக்குறது வழக்கமான 24 பின் இல்ல, டெல்லோட 8 பின், கடையில கிடைக்கிற சாதா எஸ்எம்பிஎஸ் நேரா மாட்டாது. கேம்தான் முக்கியம்னா இந்த மாடலோட பெரிய டவர் கேபினெட்டாத் தேடுங்க.

ஐ7-4790 போடலாமான்னு நானே ஒரு வாரம் யோசிச்சேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல அதுக்கு மட்டும் மூவாயிரத்துக்கு மேல கேட்டாங்க, மெஷின் விலையில பாதி. வீடியோ எடிட்டிங் பண்றவங்களுக்கு அதோட எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்துல எட்டு வேலை ஓடுற வசதி, உதவும். எங்க வேலைக்கு அந்தக் காசுல நல்ல நாற்காலி வாங்கலாம்னு தோணுச்சு, வாங்கிட்டோம்.

கரண்ட் பத்தி அக்கா ரொம்ப கவலப்பட்டா. ப்ளக்ல வைக்கிற மீட்டர் ஒன்னு மாட்டிப் பாத்தேன், சும்மா டைப் பண்ணும்போது மெஷின் 30 வாட் சுத்திதான் எடுக்குது, மானிட்டரும் சேத்தா 50. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்னு வச்சாலும் ரெண்டு மாச பில்லுல 12 யூனிட். அத ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுன பிறகுதான் நிம்மதியானா.

மொத்தச் செலவு கேட்டீங்கன்னா: மெஷின் 5,800, எஸ்எஸ்டி 1,650, ராம் 1,200, மானிட்டர் 1,900, புது கீபோர்டு மவுஸ் 650, வைஃபை 450, பேஸ்ட்டும் செல்லும் 190. கூட்டுனா 11,840. நாற்காலி தனி. யுபிஎஸ் இன்னும் வாங்கல, எங்க ஏரியால கரண்ட் அடிக்கடி போறதில்ல, ஆனா மழைக்காலத்துல ரெண்டு தடவ அப்படியே அணைஞ்சு போச்சு, அதனால அடுத்த செலவு அதுதான்.

மெஷினுக்கு அஞ்சுக்கு நாலு கொடுப்பேன், எச்டிஎம்ஐ இல்லாததுக்கும் அந்த 8 பின்னுக்கும் ஒன்னு குறைச்சிருக்கேன். மாடிக்கடை அண்ணனுக்கு அஞ்சுக்கு அஞ்சு. போன மாசம் அவளையும் கூட்டிட்டுப் போயிருந்தேன், அவ ஃப்ரெண்டுக்கு இதே மாதிரி ஒன்னு வேணும்னு அவங்க அப்பாவும் வந்தாரு. அண்ணன் ஒரு பொட்டிய எடுத்து வச்சாரு, நான் பேச வாயத் திறக்குறதுக்குள்ள அவ பைலருந்து பென் டிரைவ எடுத்து நீட்டி "அண்ணா, ஒரு தடவ எஃப்12 தட்டிப் பாத்துக்கலாமா"ன்னா. அவர் சிரிச்சிக்கிட்டே மூடியக் கழட்டி அவ பக்கம் திருப்பி வச்சாரு.